விரிசல் விட்ட அடைமுட்டைகளை வைக்கலாமா?

ஐயா, பெகுவிலிருந்து பேருந்தில் யாங்கோனுக்குக் கொண்டுவந்த நாட்டுக்கோழி முட்டைகளில் மூன்று விரிசல் விட்டிருப்பதாகவும், ஒன்றில் வெண்கரு கசிவதாகவும், அவற்றைக் குஞ்சு பொரிக்கும் பெட்டியான இன்குபேட்டரில் வைக்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். அவ்வளவு தொலைவு சுமந்து வந்ததை எறிய மனம் வராதுதான். ஆயினும் கசியும் முட்டையை நீக்கிவிடுங்கள், ஏனெனில் கிழிந்த உட்சவ்வின் வழியே கிருமிகள் நுழைந்து அது அழுகி வெடித்தால், அருகிலுள்ள நல்ல முட்டைகளும் கெட்டுவிடும்.

மற்ற இரண்டையும் பருத்த முனை மேலே இருக்குமாறு ஒரு நாள் அசையாமல் வைத்து, பிறகு இருட்டறையில் டார்ச் ஒளியில் பாருங்கள். விரிசல் மயிரிழை அளவே இருந்து, சவ்வும் கிழியாமல் இருந்தால், உருக்கிய மெழுகைச் சற்று ஆறவிட்டு விரிசலின் மீது மட்டும் மெல்லியதாகப் பூசலாம். ஓட்டின் நுண்துளைகள் வழியாகவே கரு மூச்சுவிடுவதால் மெழுகு பரவக் கூடாது. குஞ்சு கொத்தி வெளிவரும் பருத்த முனையிலேயே விரிசல் இருந்தால், அம்முட்டையை நான் அடைக்கு வைக்கமாட்டேன். முட்டைகளைக் கழுவ வேண்டாம்.

விரிசல் வழியே ஈரம் வற்றிவிடும் என்று அஞ்சி, இந்த மழைக்காலத்தில் பெட்டியில் தண்ணீரைக் கூட்டிவிடாதீர்கள். 18ஆம் நாள் வரை 50 சதவீத ஈரப்பதமே போதும். 7ஆம் நாள் மீண்டும் ஒளியில் பார்த்து, இரத்த நாளங்கள் தெரியாததையும் துர்நாற்றம் வீசுவதையும் அன்றே எடுத்துவிடுங்கள்.