கையெழுத்துக்கு முன் டார்ச் வெளிச்சம்

வாசகர் கேள்வி–பதில். விமானப் பராமரிப்புப் பொறியாளராக 31 ஆண்டுகள் ஹேங்கரில் (விமானங்களைப் பழுதுபார்க்கும் கொட்டகையில்) பணியாற்றி ஓய்வு பெற்றவர் இந்த இதழில் பதில் சொல்கிறார்.

கேள்வி: விமானத்தில் ஏறி உட்கார்ந்த பிறகு, ‘தொழில்நுட்பக் காரணம்’ என்று சொல்லி மூன்று மணி நேரம் காக்க வைத்தார்கள். கூட வந்த என் அப்பா சர்க்கரை நோயாளி. என்ன பழுது என்று கடைசிவரை யாரும் சொல்லவில்லை. அந்த நேரத்தில் கீழே என்னதான் செய்கிறீர்கள்?

உங்கள் அப்பாவுக்கு நேர்ந்த சிரமத்துக்கு வருந்துகிறேன். காரணத்தைச் சொல்லாமல் மனிதர்களை அடைத்து வைப்பது தவறு. இதை நான் வேலையில் இருந்தபோதே சொல்லியிருக்கிறேன்.

கீழே நடப்பது இதுதான். விமானி கண்ட குறையை டெக்னிக்கல் லாக் புத்தகத்தில் எழுதுவார். அதற்குக் கீழே நாங்கள் பதில் எழுதிக் கையெழுத்துப் போடும்வரை விமானம் நகரக் கூடாது. எம்.இ.எல். என்றொரு கையேடு உண்டு. எந்தப் பாகம் வேலை செய்யாவிட்டாலும் பறக்கலாம், அப்படிப் பறக்க என்ன நிபந்தனை, எத்தனை நாளுக்குள் அதைச் சரிசெய்தாக வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கும். படிப்பதற்கான விளக்கு எரியாவிட்டால் கிளம்பிவிடலாம். சில பாகங்களுக்கு அந்தச் சலுகையே கிடையாது.

நேரத்தை அதிகம் தின்பது பழுதைக் கண்டுபிடிக்கும் வேலை. எச்சரிக்கை விளக்கு எரிகிறது என்றால் உண்மையிலேயே அழுத்தம் குறைந்திருக்கிறதா, சென்சார் தவறாகச் சொல்கிறதா, இரண்டுக்கும் நடுவில் உள்ள வயரில் கோளாறா என்று ஒவ்வொன்றாகச் சோதித்து விலக்க வேண்டும். பாகத்தை மாற்ற இருபது நிமிடம் போதும். எதை மாற்றுவது என்று தெரிந்துகொள்ளத்தான் இரண்டு மணி நேரம் ஆகும்.

கேள்வி: ‘விமானங்களைக் கட்டாயம் சோதிக்க உத்தரவு’ என்று அடிக்கடி செய்தி வருகிறது. வழக்கமாகவே சோதிப்பீர்கள்தானே? அப்புறம் ஏன் தனி உத்தரவு?

நல்ல கேள்வி. வழக்கமான பராமரிப்பு என்பது விமானம் பிறக்கும்போதே எழுதி வைத்த அட்டவணை. ஏ செக் (சின்னச் சோதனை), சி செக் (பெரிய சோதனை) என்று நாங்கள் சொல்வதெல்லாம் அதில் வருபவை. விமானம் வானத்துக்குப் போய் வருடக்கணக்கில் உழைத்த பிறகு, வடிவமைத்தவர்கள் எதிர்பார்க்காத இடத்தில் ஒரு விரிசலோ தேய்மானமோ தென்படும். உலகில் எங்கோ ஒரு மூலையில், யாரோ ஒருவர் டார்ச் வெளிச்சத்தில் பார்த்திருப்பார். அதே ரகத்தைச் சேர்ந்த மற்ற விமானங்களிலும் அது இருக்கலாம் என்ற நிலை வந்தால், விமானத்தை வடிவமைத்த நாட்டின் ஒழுங்குமுறை அமைப்பு உத்தரவு போடும். போயிங் என்றால் அமெரிக்காவின் எஃப்.ஏ.ஏ., ஏர்பஸ் என்றால் ஐரோப்பாவின் ஈ.ஏ.எஸ்.ஏ. அந்த ரகத்தை இயக்கும் மற்ற நாடுகளின் அமைப்புகள் அதைத் தங்கள் நாட்டுக்கும் நடைமுறைப்படுத்தும். அதன் முழுப்பெயர் ஏர்வொர்தினஸ் டைரக்டிவ். ஹேங்கரில் எங்களுக்கு அது ஏ.டி.

விமானத்தைத் தயாரித்தவர்கள் அனுப்பும் சர்வீஸ் புல்லட்டின் வேறு. அதில் எவ்வளவு அழுத்தமாக எழுதியிருந்தாலும் அது பரிந்துரை. ஏ.டி. சட்டம். அதில் குறித்த கெடுவுக்குள் வேலை முடியாவிட்டால் அந்த விமானம் பயணிகளோடு பறக்கத் தகுதி இல்லாதது.

கெடு மூன்று விதமாக வரும். இத்தனை நாள், இத்தனை பறப்பு மணி, இத்தனை சைக்கிள். ஒருமுறை ஏறி ஒருமுறை இறங்கினால் ஒரு சைக்கிள். ஒவ்வொரு முறை மேலே போகும்போதும் உள்ளே காற்றழுத்தம் ஏற்றுகிறோம், விமானத்தின் உடல் சற்றே உப்புகிறது. இறங்கினால் பழைய நிலைக்கு வருகிறது. ஒரு கம்பியைத் திரும்பத் திரும்ப வளைத்தால் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும். 1988 ஏப்ரல் 28 அன்று ஹவாய் தீவுகளுக்கு இடையே பறந்த அலோஹா நிறுவனத்தின் போயிங் 737-க்கு வயது 19தான். ஆனால் தீவுக்குத் தீவு குட்டிக் குட்டிப் பயணங்களாகப் போய் 89,680 சைக்கிள் பார்த்திருந்தது. 24,000 அடி உயரத்தில் அதன் முன்பகுதிக் கூரை சுமார் 18 அடி நீளத்துக்குப் பிய்ந்து பறந்தது. ஒரு விமானப் பணிப்பெண் வெளியே இழுக்கப்பட்டு இறந்தார். மற்ற அனைவரோடும் விமானிகள் அதைத் தரையிறக்கினார்கள்.

இந்த விபத்தை நான் பயிற்சி வகுப்புகளில் திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. தகடும் தகடும் ஒன்றன்மேல் ஒன்றாக இணையும் வரிசைகளைச் சோதிக்கச் சொல்லி அதற்கு முந்தைய ஆண்டே ஒரு ஏ.டி. வந்திருந்தது. தயாரிப்பாளரின் புல்லட்டின் எல்லா இணைப்புகளையும் பார்க்கச் சொன்னது, ஏ.டி. அவற்றில் ஒரு பகுதியை மட்டும் கட்டாயமாக்கியது. விசாரணை அறிக்கை நிறுவனத்தின் பராமரிப்பைக் குற்றம் சாட்டியது. உத்தரவின் இந்தக் குறையையும் எடுத்துச் சொன்னது.

கேள்வி: ஆபத்து என்று தெரிந்த பிறகும் ‘ஆறு மாதத்துக்குள் சோதிக்கவும்’ என்று அவகாசம் தருவது சரியா? மனித உயிரோடு விளையாடுவது இல்லையா?

எல்லா ஏ.டி.யும் ஒரே அவசரத்தில் வருவதில்லை. ‘அடுத்த பறப்புக்கு முன்’ என்று வருபவையும் உண்டு. 2024 ஜனவரி 5 அன்று ஒரு போயிங் 737 மேக்ஸ் 9-ல் கதவு இருக்கவேண்டிய இடத்தை அடைத்திருந்த பலகை பறப்பின்போது பெயர்ந்து போனது. மறுநாளே அவசர ஏ.டி. வந்து 171 விமானங்கள் தரையில் நின்றன. மெதுவாக வளரும் விரிசல் என்றால், அது எத்தனை சைக்கிளில் அபாய நீளத்தை எட்டும் என்று கணக்குப் போட்டு, அதற்கு வெகு முன்பே கண்ணில் படும்படி கெடு வைப்பார்கள். இந்தக் கணக்கை நான் மதிக்கிறேன்.

ஆனால் உங்கள் கோபத்தில் நியாயம் இல்லை என்று சொல்ல மாட்டேன். 2016-ல் ஒரு 737-ன் எஞ்சினில் விசிறித் தகடு ஒன்று உடைந்தது. 2017 ஆகஸ்டில் எஃப்.ஏ.ஏ. அந்தத் தகடுகளைச் சோதிக்கச் சொல்லும் ஏ.டி.யின் வரைவை வெளியிட்டுக் கருத்துக் கேட்டது. வரைவு வரைவாகவே இருந்தது. 2018 ஏப்ரல் 17 அன்று அதே விமானச் சேவை நிறுவனத்தின் இன்னொரு 737-ல், அதே ரக எஞ்சினில், தகடு உடைந்து சன்னலும் உடைந்து ஒரு பெண் பயணி இறந்தார். மூன்றாம் நாள் அவசர ஏ.டி. வந்தது: 30,000 சைக்கிள் தாண்டிய எஞ்சின்களின் தகடுகளை 20 நாளுக்குள் அல்ட்ராசோனிக் (மீயொலி) முறையில் சோதிக்க வேண்டும். மூன்று நாளில் முடிந்த காரியம் எட்டு மாதத்தில் முடியாமல் போனதை என்னால் இன்றுவரை ஏற்க முடியவில்லை.

கேள்வி: 2025 நவம்பரில் ஏர்பஸ் விமானங்களுக்கு மென்பொருளை மாற்றச் சொன்னார்களே, அதுவும் இந்த ஏ.டி.தானா?

ஆம். பறப்பைக் கட்டுப்படுத்தும் கணினி ஒன்றில், கடும் சூரியக் கதிர்வீச்சால் தரவு கெட வாய்ப்பு இருப்பதாகத் தெரிந்ததும் ஈ.ஏ.எஸ்.ஏ. அவசர ஏ.டி. போட்டது. ஏ320 குடும்பத்தில் ஏறக்குறைய 6,000 விமானங்கள். பெரும்பாலானவற்றில் முந்தைய மென்பொருளையே திரும்ப ஏற்றினார்கள். ஸ்பானர் தொடாமல் முடிகிற ஏ.டி.கள் இப்போது அதிகம். 2015-ல் போயிங் 787-க்கு வந்த ஒன்று, விமானத்தின் மின்சாரத்தைக் குறித்த இடைவெளியில் முழுமையாக அணைத்துப் போடச் சொன்னது. 248 நாள் தொடர்ந்து ஓடினால் மின்னாக்கிக் கட்டுப்பாட்டுக் கணினியின் எண்ணி நிரம்பி வழிந்து, மின்சாரமே நின்றுபோகலாம் என்பதால்.

கேள்வி: என் மகள் விமானப் பராமரிப்புப் படிப்பில் சேர விரும்புகிறாள். இரவு வேலை, கிரீஸ், ஏணி எல்லாம் பழகிவிடும் என்கிறாள். எனக்கு பயம் வேறு. அவள் கையெழுத்துப் போட்ட விமானத்துக்கு ஏதாவது ஆகிவிட்டால்?

அம்மா, உங்கள் மகளைப் படிக்க விடுங்கள். என் வகுப்பில் 24 பேர். பெண் நான் ஒருத்திதான். ஏணியும் கிரீஸும் ஒரே மாதத்தில் பழகிவிடும். நீங்கள் கேட்ட கடைசிக் கேள்வி மட்டும் 31 வருடமும் என்னோடு வந்தது. அது வர வேண்டியதுதான்.

1972-ல் ஒரு டிசி-10 விமானத்தின் பின்பக்கச் சரக்குக் கதவு நடுவானில் திறந்துகொண்டது. பயணிகள் தளத்தின் ஒரு பகுதி இடிந்தது. அதில் வந்த 67 பேரும் உயிர் தப்பினார்கள். அப்போதே ஏ.டி. போட எஃப்.ஏ.ஏ.யில் தயாரானவர்கள் இருந்தார்கள். மேலிடத்தில் தயாரிப்பாளரோடு வாய்மொழி உடன்பாடாகி, கதவை மாற்றும் வேலை வெறும் சர்வீஸ் புல்லட்டினாகப் போனது. 1974 மார்ச் 3 அன்று பாரிசுக்கு வெளியே, துருக்கி நிறுவனத்தின் டிசி-10 அதே கதவு பிய்ந்து காட்டில் விழுந்தது. 346 பேர் இறந்தார்கள். அந்தக் கதவின் பூட்டைத் திருத்தும் வேலை தொழிற்சாலையிலேயே முடிந்ததாகப் பதிவேட்டில் மூன்று ஆய்வாளர்களின் முத்திரை இருந்தது. கதவில் அந்தத் திருத்தம் முழுமையாக இல்லை.

இதைப் படித்த நாளிலிருந்து, முத்திரையைப் பார்த்து முத்திரை போடக் கூடாது என்று எனக்குள் ஒரு பிடிவாதம் வந்தது. லைசென்ஸ் வாங்கிய நான்காவது வருடம் ஒரு விடியற்காலை. சக்கரம் மடங்கும் அறையில், இரண்டு பக்கமும் ஒரு தாங்கியை விரிசலுக்காகப் பார்க்கச் சொன்ன ஏ.டி. முந்தைய ஷிப்டில் இருந்தவர், “முடிச்சாச்சு மேடம், சைன் மட்டும் பாக்கி” என்று சொல்லிவிட்டுப் போனார். டார்ச்சும் கைக்கண்ணாடியும் எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தேன். வலது பக்க மூடியில் புது சீலண்ட் (இடுக்கை அடைக்கும் பசை) பளபளத்தது. இடது பக்கம் பழைய சீலண்ட் உடையாமல் அப்படியே இருந்தது. யாரும் திறக்கவே இல்லை.

அவர் பொய் சொல்லவில்லை. வேலை அட்டையின் இரண்டாம் பக்கத்தைப் புரட்டாமல் விட்டிருக்கிறார், அவ்வளவுதான். திறந்து, துடைத்து, எடி கரண்ட் கருவி (மின்காந்தத்தால் விரிசலைக் காட்டுவது) வைத்துப் பார்த்து, மூட இரண்டரை மணி நேரம் ஆனது. விரிசல் எதுவும் இல்லை. விமானம் தாமதமானது. “ஒன்றுமே இல்லாததுக்கா இவ்வளவு?” என்று மேலதிகாரி கேட்டார். ஒன்றும் இல்லை என்பது பார்த்த பிறகுதானே தெரிந்தது என்றேன். நாங்கள் பார்க்கும் ஆயிரம் இடங்களில் பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. ஆயிரத்தோராவது இடத்தையும் அதே கவனத்தோடு பார்ப்பதுதான் இந்த வேலையின் கஷ்டம். கிரீஸ் கஷ்டமே இல்லை.

இரவு வேலையைப் பற்றி உங்கள் மகளிடம் ஒன்று சொல்லுங்கள். 1990-ல் பிரிட்டனில் ஒரு விமானத்தின் முன்கண்ணாடி நடுவானில் பிய்ந்து, தலைமை விமானி பாதி உடல் வெளியே தொங்க, சக ஊழியர்கள் அவரைப் பிடித்துக்கொண்டே தரையிறக்கினார்கள். அவர் பிழைத்தார். கண்ணாடியைப் பொருத்திய 90 போல்ட்டுகளில் 84 விட்டத்தில் சற்றே சிறியவை. விடியற்காலையில் வேலை பார்த்த அனுபவசாலி ஒருவர், பாகப் பட்டியலைப் பார்க்காமல் பழைய போல்ட்டோடு கண்ணால் ஒப்பிட்டு எடுத்தவை. மனித உடல் தூங்கத் துடிக்கும் நேரம் அது. அந்த நேரத்தில் நினைவை நம்பாமல், புத்தகத்தைத் திறந்து வரிவரியாகப் படிக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: பழைய விமானம் என்றால் பயப்பட வேண்டுமா?

வயதைக் கேட்டுப் பயன் இல்லை. எப்படிப் பழுதுபார்த்தார்கள் என்பதே முக்கியம். 1985-ல் 520 பேரைப் பலிகொண்ட ஜப்பான் ஜம்போ விபத்தின் வேர், ஏழு வருடம் முன்பு வால் தரையில் உரசியபோது செய்த பழுதுபார்ப்பில் இருந்தது. பின்பக்க அழுத்தச் சுவரில் இரண்டு வரிசை ரிவெட் தாங்க வேண்டிய இடத்தில் ஒரு வரிசைதான் தாங்கியது.

கேள்வி: சன்னலோரம் உட்கார்ந்து இறக்கையைப் பார்க்கும்போது ஏதோ சரியில்லை என்று தோன்றினால், சாதாரணப் பயணி சொல்லலாமா? கேலி செய்ய மாட்டார்களா?

தயவுசெய்து சொல்லுங்கள். அந்த அலோஹா விமானத்தில் ஏறும்போது ஒரு பயணி கதவருகே உடலில் நீளமான விரிசலைப் பார்த்திருக்கிறார். யாரிடமும் சொல்லவில்லை. விமானத்தைச் சோதிப்பவர்களுக்குத் தெரியாததா நமக்குத் தெரிந்துவிடப் போகிறது என்று எல்லோருக்கும் தோன்றுவது இயல்பு. ஆனால் எங்களுக்கும் இரண்டு கண்கள்தான்.

பணிப்பெண்ணிடம் சொன்னால் போதும், அவர் விமானியிடம் சொல்வார், நாங்கள் வந்து பார்ப்போம். அப்படி நான் பலமுறை ஏணியேறியிருக்கிறேன். பெரும்பாலும், ‘இறக்கையில் டேப் ஒட்டியிருக்கிறார்கள்’ என்ற புகாராக இருக்கும். அது அலுமினிய ஸ்பீடு டேப். அனுமதித்த இடத்தில், அனுமதித்த அளவில், லாக் புத்தகத்தில் எழுதித்தான் ஒட்டுவோம். ஒருமுறை மட்டும், இறக்கை மேல் மூடி ஒன்றின் ஓரம் காற்றில் தூக்குகிறது என்று 14-ஆம் வரிசையிலிருந்து ஒரு சிறுவன் சொன்னதாகத் தகவல் வந்தது. போய்ப் பார்த்தேன். மூன்று ஸ்க்ரூ இல்லை. மாற்றி, எழுதி, கையெழுத்துப் போட்டுக் கீழே இறங்கினேன். அந்தப் பையன் சன்னலில் முகத்தை ஒட்டி வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தான். கட்டைவிரலை உயர்த்திக் காட்டினேன்.