துட்டி வீட்டு விமர்சகர்கள்

அண்ணாச்சிக்கு வணக்கம்.

இங்கிலாந்தின் டாக் டாக் இசைக்குழுவின் பாடகர் மார்க் ஹாலிஸ் 1998இல் தன் பெயரையே தலைப்பாக வைத்து ஒரு தனி ஆல்பம் வெளியிட்டார். அம்மா இறந்தபிறகு ராத்திரியில் மொட்டை மாடியில் படுத்துக்கொண்டு அதைத்தான் கேட்கிறேன். அழுகை வந்துவிடுகிறது. என் நண்பன், 'ஒரே இழுவை, குழுவை விட்டு வந்தவன் தன் சோகத்தைக் காசாக்குகிறான்' என்கிறான். வெளிவந்தபோது அதிகம் பேசப்படாத ஆல்பத்தை, 2019இல் அவர் இறந்ததும் காவியம் என்று எழுதினார்கள். யாரை நம்புவது? இப்படிப் பாடுகிறவர் வாழ்க்கையில் ஏதோ பெரிய அடி விழுந்திருக்க வேண்டும், இல்லையா? டாக் டாக் ஆல்பங்களில் எதையெல்லாம் கேட்கலாம்? ஆங்கில இசை பற்றி நீங்கள் எழுதுவதையே விட்டுவிட்டீர்களே, ஏன்?

- ஒரு வாசகர், பாளையங்கோட்டை

அன்புள்ள தம்பி,

அம்மா போன வீட்டில் முதல் சில மாதங்கள் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். மாடியில் படுத்துக் கேளுங்கள், அழுகை வந்தால் அழுங்கள். அதற்கு நண்பனிடமும் விமர்சகரிடமும் சீட்டு வாங்க வேண்டியதில்லை. கடைசிக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை, தோன்றினால் எழுதுவேன்.

ஆனால் 'ஏதோ பெரிய அடி விழுந்திருக்க வேண்டும்' என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்ததும் கோபம்தான் வந்தது. நன்றாகப் படித்த பிள்ளைகளே இப்படிக் கேட்டால் என்ன செய்ய? அந்த ஆல்பத்திலேயே நீளமான பாட்டு 'எ லைஃப் (1895-1915)', எட்டு நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல். யாருடைய வாழ்க்கை என்று நினைத்தீர்கள்? ரோலண்ட் லெய்ட்டன் என்ற இருபது வயதுப் பையனை மனதில் வைத்துப் பாடியது. வேரா பிரிட்டன் என்ற எழுத்தாளருக்கு நிச்சயம் செய்திருந்த மாப்பிள்ளை, 1915 டிசம்பரில், முதல் உலகப்போரில், பிரான்சில் போர்முனையில் செத்துப்போனான். அவன் செத்து முப்பத்தொன்பது வருஷம் கழித்துப் பிறந்தவர் ஹாலிஸ். அவர் வீட்டுத் துக்கமா அது? சொந்த வாழ்க்கையைப் பொறுத்தவரை, கச்சேரி கச்சேரியாக ஊர் சுற்றிக்கொண்டு நல்ல தகப்பனாகவும் இருக்க முடியாது என்று சொல்லிப் பிள்ளைகளோடு வீட்டில் இருந்துகொண்டார். அதைப் போய்ப் பெரிய அடி என்பதா?

நம் ஊரில் இந்தக் குழப்பம் கிடையாது. கோயில் கொடையில் முத்துப்பட்டன் கதையை வில்லுப்பாட்டில் கேட்டிருப்பீர்கள். கேட்டதில்லை என்றால் அது தனிக் குற்றம். பட்டன் கொல்லப்பட்டு விழுந்ததும் அவன் மனைவிகள் பொம்மக்காளும் திம்மக்காளும் புலம்புகிற இடத்தில், கதை பாடுகிற அண்ணாவி குரலை இறக்குவார். வில்லைத் தட்டுகிற வீசுகோல் ஓயும், ஆமா போடுகிறவரும் அடங்கிவிடுவார். அங்கே உட்கார்ந்திருக்கிற ஒருத்தராவது, 'பாவம், இந்த மனுசனுக்குப் பெண்டாட்டி செத்துட்டா போல' என்று சொல்லியிருக்கிறார்களா? சொரிமுத்தையன் கோயிலில் இன்றைக்கும் பட்டவராயனாகச் சாமியாகிவிட்ட அந்தப் பட்டனுக்குச் செருப்பைக் காணிக்கையாகக் கட்டுகிற ஜனம் அது. பாட்டு யாருடைய துக்கம் என்பதில் அதற்கு ஒரு சந்தேகமும் வந்ததில்லை.

எங்கள் ஆச்சி ஒப்பாரிக்கு எடுத்துக் கொடுக்கிறவள். சுற்றுவட்டாரத்தில் எங்கே துட்டி, அதாவது சாவு என்றாலும் அவளுக்கு ஆள் வந்துவிடும். செத்தவர் உறவா, முகம் தெரிந்தவரா என்றெல்லாம் பார்க்க மாட்டாள். சின்னப் பிள்ளையாக நானும் வேனில் தொற்றிக்கொண்டு போவேன். போகும்போது பேச்சு இருக்காது. திரும்பி வரும்போதுதான் விமர்சனக் கூட்டம் ஆரம்பமாகும். 'அவ மாமியாளுக்கு அழுதாளா, மாமியா சங்கிலிக்கு அழுதாளா?' என்பாள் ஒருத்தி. 'இழுக்கா இழுக்கான்னு இழுக்கா, கூட அழுதவளுக்கு மூச்சு விட இடம் வேண்டாமா?' என்பாள் இன்னொருத்தி. செத்தவர் பெயரைச் சரியான இடத்தில் கொண்டுவரவில்லை, போன வாரம் அந்த வீட்டில் சொன்ன வரியையே இங்கேயும் சொல்கிறாள் என்று ஒவ்வொன்றாக உரிப்பார்கள். எடுத்துக் கொடுக்கிறவள் தானே அழுதுவிட்டால் அன்றைக்கு அவ்வளவுதான். 'அழுதா சொல் முட்டிரும்லா' என்பாள் ஆச்சி. அவள் அழுது நான் பார்த்ததில்லை. அவள் பாடி அழாதவர்களையும் பார்த்ததில்லை.

சோகப் பாட்டை எடைபோடத் தெரிந்தவர்கள் அந்த வேனில் இருந்தார்கள். உங்கள் பத்திரிகைக்காரர்களில் அப்படி ஆள் குறைவு. 1998இல் எழுதியவர்கள் பெரும்பாலும் மரியாதையாகத்தான் எழுதினார்கள், ஆஸ்பத்திரிக்குள் நடக்கிற மாதிரி மெல்லக் கால் வைத்து. செத்தபிறகு எழுதியவர்கள் பலர், அவர் ஏன் இருபது வருஷம் மௌனமாக இருந்தார் என்பதையே திரும்பத் திரும்பத் துருவினார்கள். பாட்டு எங்கே போயிற்று? எட்டுப் பாட்டு, நாற்பத்தேழு நிமிடம். மின்கிதார் கிடையாது. பியானோ, கிளாரினெட், பசூன், ஹார்மோனியம் எல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்கிற தூரத்தில் கேட்கின்றன, நாற்காலி அசைகிற சத்தம் முதற்கொண்டு. ஆரம்பத்தில் சில நொடி வெறும் அமைதி, முடிவில் அதைவிட நீளமாக இன்னொன்று. கூட அழுகிறவளுக்கு மூச்சு விட இடம் கொடுத்திருக்கிறார் என்று வேன்காரிகள் ஒத்துக்கொள்வார்கள். சொல்லை விழுங்குகிறார் என்று குறையும் சொல்வார்கள். அது நிஜமான குறை. வரிகள் அச்சில் கையில் இருந்தும் பாதிச் சொல் எனக்குப் பிடிபடவில்லை. அவரைக் கொண்டாடுகிறவர்கள் அதையும் அழகென்று சொல்லிவிடுகிறார்கள். நான் சொல்ல மாட்டேன்.

காசாக்குகிறான் என்று சொன்ன நண்பருக்கு ஒரு தகவல்: அந்த ஆல்பத்துக்காக ஹாலிஸ் ஒரு கச்சேரிகூடச் செய்யவில்லை. இழுவை என்பது வேறு. அதை அவர் சொல்லலாம், எந்தப் பாட்டில் எந்த இடம் என்று காட்ட வேண்டும். உங்களுக்கும் அதுதான். காவியம் என்றால் எந்த இடம்?

அப்புறம், டாக் டாக்கில் எதைக் கேட்பது? 1984இல் வந்த 'இட்ஸ் மை லைஃப்' ஆட்டம் போடவைக்கிற பாட்டு, இப்போது வேண்டாம். 1986இல் வந்த 'தி கலர் ஆஃப் ஸ்பிரிங்'கில் தொடங்குங்கள். தனி ஆல்பத்தின் முதல் பாட்டுக்கும் அதே பெயர்தான், குழம்ப வேண்டாம். பிறகு 1988, 'ஸ்பிரிட் ஆஃப் ஈடன்'. இசைத்தட்டுக் கம்பெனியோடு நீதிமன்றம் வரை போகவைத்த ஆல்பம் அது. 1991இல் வந்த 'லாஃபிங் ஸ்டாக்' கொஞ்சம் முரடு, அம்மாவுக்கு நாற்பத்தொன்றாம் நாள் கும்பிட்டு வருஷ திவசமும் கழியட்டும். அதுவரை சாப்பாட்டை விட்டுவிடாதீர்கள்.