துருப்பிடித்த இரும்பும் சேர்த்துத்தான்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஆஸ்லோவில் வாடகை வீட்டில் இருக்கிறேன். வீட்டு உரிமையாளர் பரணைச் சுத்தம் செய்தபோது பழைய மர ஸ்கீ (பனியில் சறுக்கும் பலகை) ஜோடி ஒன்றைக் கொடுத்தார். விரல்பகுதியை மட்டும் பூட்டி, குதிகாலைத் தூக்க விடும் வகையாம். துருப்பிடித்த இரும்புகளைக் கழற்றி, மரத்தை இழைத்து, வார்னிஷ் அடித்துச் சுவரில் மாட்டலாமா? படங்களும் வரலாறும் இணையத்திலேயே கிடைக்கும்போது இதை அப்படியே வைத்திருந்து என்ன பயன்?

கே.

அன்புள்ள கே.,

தாராளமாகச் சுவரில் மாட்டுங்கள். ஆனால் இரும்பைக் கழற்ற வேண்டாம், இழைக்கவும் வேண்டாம். குதிகாலைத் தூக்க விட்டுச் சறுக்கும் இந்த விளையாட்டுக்கு டெலிமார்க் என்று பெயர். அதன் கதை பலகையைவிட, பூட்ஸை ஸ்கீயோடு பிணைக்கும் கட்டு என்ற பாகத்தில்தான் அதிகம் இருக்கிறது, உங்கள் இரும்பு அதுதான்.

அதற்குப் பெயர் தந்த நார்வேயின் டெலிமார்க் வட்டாரத்து மோர்கெடாலைச் சேர்ந்த சோன்ட்ரே நோர்ஹெய்ம் 1868இல் கிறிஸ்தியானியாவில், அதாவது உங்கள் ஊரில், நடந்த ஸ்கீ போட்டியில் எல்லோரையும் அசத்தினார். அவர் ஸ்கீயில் விரல்வாரோடு குதிகாலைச் சுற்றியும் முறுக்கிய கொடி இருந்தது. குதிகால் எழும்பும், ஆனால் குதித்தாலும் ஸ்கீ கழன்று ஓடாது. 1927இல் ப்ரோர் வித் என்பவர் செய்த ரோட்டெஃபெல்லா என்ற கட்டு குதிகால் பக்கமே போகாமல் பூட்ஸின் முன்விளிம்பை மட்டும் கவ்வியது. 1930களில் கம்பிவடக் கட்டு பரவியது. உங்கள் ஸ்கீயின் பக்கவாட்டில், குதிகாலுக்குச் சற்று முன்னால் சிறு கொக்கிகள் இருக்கின்றனவா பாருங்கள். வடத்தை அதற்கடியில் மாட்டினால் குதிகால் கீழே இழுபடும், இறக்கத்துக்கு அது. கழற்றிவிட்டால் ஏறலாம். கொக்கியைச் சுற்றி மரம் தேய்ந்திருந்தால், உரியவர் எப்படி இறங்கினார் என்றே சொல்லிவிடலாம். இணையப் படத்தில் இது கிடைக்காது.

நார்வேயின் டிகெர்வார்டன் பனித்திட்டில் 2014இல் ஒரு ஸ்கீயும் 2021இல் அதன் ஜோடியும் கிடைத்தன. வயது சுமார் 1300 ஆண்டுகள். முறுக்கிய பிர்ச் மரக் கட்டும் தோல்வாரும் அப்படியே இருந்தன. இரண்டும் ஒரே அளவில் இல்லை, ஒட்டுப்போட்ட இடங்கள் வேறு. பழுதுபார்த்துப் பழுதுபார்த்து ஓட்டியிருக்கிறார்கள். யாராவது இழைத்து வழவழப்பாக்கியிருந்தால் இதெல்லாம் போயிருக்கும்.

ஒரு வேடிக்கை. மரத்தைவிடச் சமீபத்திய சாமான்தான் சீக்கிரம் அழிகிறது. 1970களில் கொலராடோவின் க்ரெஸ்டட் பட் பக்கம் டெலிமார்க் முறை மறுபடி உயிர்பெற்றபோது எல்லாம் தோல் பூட்ஸ். 1992இல் ஸ்கார்பா என்ற இத்தாலிய நிறுவனத்தின் பிளாஸ்டிக் பூட்ஸ் வந்தது. பிளாஸ்டிக்கிலும் பாலியூரித்தேன் வகை என்றால், சும்மா அலமாரியில் வைத்திருந்தாலே ஈரப்பதத்தில் விண்டுபோகும். மர ஸ்கீயைச் சேர்ப்பவர்கள் உண்டு, இந்தப் பூட்ஸைக் குப்பையில் போடுகிறார்கள்.

சரி, செய்ய வேண்டியது கொஞ்சம்தான். உலர்ந்த துணியால் துடையுங்கள். ஹீட்டருக்கு மேல் மாட்டாதீர்கள். அடியில் கறுப்பாக இருப்பது மரத்துக்குப் பூசிய பழைய தாராக இருக்கலாம், சுரண்டாதீர்கள். பரணில் பூட்ஸும் கிடக்கிறதா என்று கேளுங்கள். முக்கியமாக, அதை யார், எந்த ஊரில், எந்த வருஷம்வரை ஓட்டினார்கள் என்று உரிமையாளரிடம் கேட்டு ஒரு தாளில் எழுதி ஸ்கீயோடு கட்டிவையுங்கள். கொக்கி இருந்தால் எனக்கும் ஒரு படம் அனுப்புங்கள்.

அன்புடன்.