எந்த ஊரிலிருந்து வந்தவர்கள்?

கேள்வி: கும்பகோணம் பக்கம் ஒன்பதாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறேன். தெருவில் யார் எப்போது குடியேறினார்கள் என்று மாணவர்கள் விசாரித்தால், “அந்தக் காலத்துலேயே வந்துட்டோம்” என்பதோடு பெரியவர்கள் நிறுத்திவிடுகிறார்கள். காலத்தை எப்படிக் கணிப்பது?

பதில்: ஆண்டைக் கேட்டால் யாருக்கும் வராது. நடந்ததைக் கேட்கச் சொல்லுங்கள்: மேட்டூர் அணைக்கு (1934) முன்னா, பின்னா? 1952 புயலில் இந்த வீடு இருந்ததா? 1977 புயலின்போது கூரையா, ஓடா? இரண்டு புயலுக்கு நடுவே என்று தெரிந்தாலே நல்ல பிடி.

குழந்தைக்கு முதல் மொட்டை எங்கே போடுகிறார்கள் என்றும் கேளுங்கள். குலதெய்வக் கோயில் தொலைவில் இருந்தால் பழைய ஊர் பெரும்பாலும் அந்தப் பக்கம்தான். சௌராஷ்டிரர், மராத்தியர் வீடுகளில் பேச்சே சாட்சி.

பெட்டியடியில் பழைய கிஸ்தி (நிலவரி) ரசீது இருந்தால் அதிர்ஷ்டம்தான். அதில் இருப்பது பசலி, அதாவது நிலவரிக் கணக்கின் ஆண்டு; ஜூலை 1-இல் தொடங்கும். ஆங்கில ஆண்டைப் பெற, தேதி ஜூலை–டிசம்பர் என்றால் பசலியோடு 590, ஜனவரி–ஜூன் என்றால் 591 கூட்டணும். பசலி 1360, 1950 ஜூலை முதல் 1951 ஜூன் வரை. ஒரே எண்ணைக் கூட்டி ஓராண்டு தப்புவது அடிக்கடி நேர்கிறது. நாகப்பட்டினத்தில் கப்பலேறி மலேயா போய்வந்த குடும்பமென்றால் பழைய பாஸ்போர்ட்டின் முத்திரைத் தேதியே போதும்.

இரண்டு பேராகவே அனுப்புங்கள். கூட்டமாகப் போனால் பாட்டிகள் வாயே திறக்க மாட்டார்கள்.