பள்ளிவாசலில் ஜமாஅத்தாகத் தொழ விரும்பும் பெண்கள் அறிந்திருக்க வேண்டியவை

கேள்வி: இதுவரை ஐவேளையும் வீட்டில்தான் தொழுதுவந்தேன். இனி முடிந்த நேரங்களில் பள்ளிவாசலுக்குப் போய் ஜமாஅத்துடன் (இமாமின் பின்னால் கூட்டாக) தொழ ஆசைப்படுகிறேன். பெண்களுக்கு வீடுதான் சிறந்தது என்று கணவர் தயங்குகிறார். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுதால் வழக்கமான நண்பகல் தொழுகையான லுஹரையும் தொழ வேண்டுமா? பெண்கள் பகுதியிலிருந்து இமாமைப் பார்க்க முடியாது. ஒலிபெருக்கி நின்றுபோனால் என்ன செய்வது? கைக்குழந்தையை அழைத்துச் செல்லலாமா?

பதில்: முதலில் உங்கள் கணவரின் தயக்கத்தைப் பார்ப்போம். அவர் சொல்வதற்கு ஆதாரம் இருக்கிறது. ஆனால் அந்த ஆதாரத்தை முழுமையாகப் படிக்க வேண்டும். "உங்கள் பெண்களைப் பள்ளிவாசல்களை விட்டுத் தடுக்காதீர்கள், அவர்களின் வீடுகள் அவர்களுக்குச் சிறந்தவை" என்று அபூதாவூத் என்ற நபிமொழித் தொகுப்பில் ஒரே ஹதீஸாக (நபிமொழியாக) இடம்பெற்றிருக்கிறது. முதல் பாதி ஆண்களுக்கு இடப்பட்ட கட்டளை. இரண்டாம் பாதி பெண்ணுக்குத் தரப்பட்ட சலுகை. ஜமாஅத்துக்கு வர முடியாதவளுக்கு நன்மை குறைந்துவிடாது என்ற ஆறுதல். இரண்டாம் பாதியைக் காட்டி முதல் பாதியை மறுப்பது முறையல்ல.

நபித்தோழர் உமர் (ரலி) அவர்களின் துணைவியரில் ஒருவர் அதிகாலை சுப்ஹுக்கும் இரவு இஷாவுக்கும் பள்ளிவாசலுக்குச் சென்றுவந்தார். கணவருக்கு அது பிடிக்காது என்று தெரிந்தும் ஏன் போகிறீர்கள் என்று அவரிடம் கேட்டார்கள். "அப்படியானால் என்னைத் தடுக்க விடாமல் அவரைத் தடுப்பது எது?" என்று அவர் திருப்பிக் கேட்டார். நபி (ஸல்) அவர்களின் சொல்தான் தடுக்கிறது என்று பதில் வந்தது. புகாரி ஹதீஸ் நூலில் உள்ள இந்தச் செய்தியை உங்கள் கணவருடன் சேர்ந்து படியுங்கள். மனம் ஒப்பாத நிலையிலும் மனைவியைத் தடுக்காதவர் உமர் (ரலி) என்பது அவருக்கும் உறைக்கும்.

மறுபக்கத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பெண்கள் பிற்காலத்தில் உண்டாக்கிக்கொண்டவற்றை நபியவர்கள் கண்டிருந்தால் அவர்கள் பள்ளிவாசலுக்கு வருவதைத் தடுத்திருப்பார்கள் என்று நபியவர்களின் துணைவி ஆயிஷா (ரலி) கூறியிருக்கிறார்கள். குழப்பத்துக்கு அஞ்சியே ஹனஃபி மத்ஹபின் (சட்ட மரபின்) பிற்கால அறிஞர்கள் எல்லா வக்துகளிலும் (தொழுகை நேரங்களிலும்) பெண்கள் பள்ளிவாசலுக்கு வருவதை வெறுக்கத்தக்கதாகக் கருதினார்கள். ஷாஃபி மத்ஹபும் சில நிபந்தனைகளை வைக்கிறது. நறுமணம் பூசாமல், அலங்காரத்தை வெளிக்காட்டாமல், பாதுகாப்பான வழியில் போவதுதான் அந்தக் கவலைக்குச் சரியான விடை என்பது என் கருத்து. பள்ளிவாசலுக்கு வரும் பெண் நறுமணம் தொட வேண்டாம் என்று நபியவர்களே சொன்னது முஸ்லிம் என்ற ஹதீஸ் நூலில் பதிவாகியிருக்கிறது.

ஜும்ஆ பெண்கள் மீது கடமையில்லை. ஆனால் போய் இமாமுடன் இரண்டு ரக்அத் (தொழுகையின் ஒரு சுற்று) தொழுதுவிட்டால் அதுவே போதும். லுஹர் தொழத் தேவையில்லை. இதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு இல்லை. குத்பா உரையையும் காது கொடுத்துக் கேளுங்கள். உம்மு ஹிஷாம் (ரலி) என்ற ஸஹாபிப் பெண் குர்ஆனின் காஃப் அத்தியாயத்தை மனனம் செய்ததே, நபியவர்கள் வெள்ளிதோறும் மிம்பர் மேடையில் ஓதியதைக் கேட்டுத்தான்.

உங்கள் கேள்விகளில் நான் அதிகம் மதிப்பது ஒலிபெருக்கி பற்றிய கேள்வியைத்தான். பெண்கள் பகுதி தனி அறையாகவோ மேல்தளமாகவோ இருக்கும் இடங்களில் அடிக்கடி நேரும் சிக்கல் இது. இதைச் சொல்லித் தருபவர்கள் குறைவு. இமாமின் அசைவுகள் தெரிந்தால்தான் அவரைப் பின்தொடர முடியும். பார்த்தோ, குரலைக் கேட்டோ, முன்வரிசையில் இருப்பவரைக் கவனித்தோ தெரிந்துகொள்ளலாம். இவற்றில் எதுவுமே இல்லாமல் போனால் இமாம் எந்த நிலையில் இருக்கிறார் என்று ஊகித்துத் தொழாதீர்கள். சிறிது பொறுத்துப் பாருங்கள். ஒலி திரும்பவில்லை என்றால், இமாமிடமிருந்து பிரிந்துகொள்வதாக மனத்தில் நிய்யத் வைத்து, விட்ட இடத்திலிருந்து தனியாகத் தொழுது முடியுங்கள். மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. ஜும்ஆவில் மட்டும் ஒரு வேறுபாடு உண்டு. ஷாஃபி மத்ஹபின்படி, ஒரு ரக்அத் முழுமையாக இமாமுடன் கிடைத்த பிறகு ஒலி நின்றால் இன்னொரு ரக்அத் சேர்த்து ஜும்ஆவாகவே முடிக்கலாம். முதல் ரக்அத்திலேயே நின்றுவிட்டால் லுஹராக நான்கு ரக்அத் தொழ வேண்டும்.

இன்னொரு குழப்பம் வெள்ளிக்கிழமை சுப்ஹில் வரும். அன்று நபியவர்கள் ஸஜ்தா அத்தியாயம் ஓதியதால் பல இமாம்களும் அதையே ஓதுவார்கள். அதில் வரும் ஸஜ்தா வசனத்தை ஓதியதும் தக்பீர் (அல்லாஹு அக்பர்) சொல்லி நேராக ஸஜ்தாவுக்கு (சிரம்பணிதலுக்கு) போவார்கள். இமாமைப் பார்க்க முடியாத பெண்கள் ருகூஃ (குனியும் நிலை) என்று நினைத்துக் குனிந்து நிற்பார்கள். விவரம் புரிந்த உடனே ஸஜ்தாவுக்குச் செல்லுங்கள். அதற்குள் அவர் எழுந்துவிட்டால் நீங்களும் நிற்கும் நிலைக்கு வந்து தொடருங்கள். அறியாமல் நேர்ந்த தவறால் தொழுகை வீணாகாது. தொழுகைக்கு முன்பே இமாம் ஒரு வார்த்தை அறிவித்துவிட்டால் இந்தத் தவிப்பே இருக்காது. ஆண்கள் பகுதிக்குப் புது ஒலிபெருக்கியும் பெண்கள் பகுதிக்குப் பழுதானதும் என்று ஒதுக்கும் நிர்வாகங்கள், அந்த அறையில் நிற்பவர்களின் தொழுகையும் தங்கள் பொறுப்பு என்பதை உணர வேண்டும். குறை இருந்தால் தயங்காமல் நிர்வாகத்திடம் சொல்லுங்கள்.

வீட்டில் இருந்தபடியே பள்ளிவாசலின் ஒலிபெருக்கியைக் கேட்டு இமாமைப் பின்தொடரலாமா என்றும் சிலர் கேட்பதுண்டு. கூடாது. இடத்தின் தொடர்பு இல்லாமல் ஒலி மட்டும் கேட்பது ஜமாஅத் ஆகாது.

தாமதமாகப் போனால் ஓடாதீர்கள். நின்ற நிலையில் தக்பீர் சொல்லி, இமாம் எந்த நிலையில் இருக்கிறாரோ அதில் சேருங்கள். ருகூஃ கிடைத்தால் அந்த ரக்அத் கிடைத்துவிட்டது. தவறிய ரக்அத்துகளை இமாம் ஸலாம் கொடுத்த பிறகு எழுந்து நிறைவு செய்யுங்கள். பெண்களில் நீங்கள் ஒருவர் மட்டுமே வந்திருந்தாலும் தனி வரிசையில் நிற்பதில் குறையில்லை. உம்மு சுலைம் (ரலி) அப்படித்தான் நபியவர்களுக்குப் பின்னால் தனியாக நின்று தொழுதார்கள். பெண்களின் வரிசைகளில் கடைசி வரிசை சிறந்தது என்ற ஹதீஸ், ஆண்களுக்குப் பின்னால் ஒரே இடத்தில் தொழும்போது பொருந்தும். தடுப்போ தனி அறையோ இருந்தால் முன்வரிசையே சிறந்தது என்று அறிஞர்கள் பலர் கூறுகிறார்கள். ஆகவே வாசலோரம் கூடி நிற்காமல் முன்னால் சென்று வரிசையை நிரப்புங்கள்.

குழந்தையை அழைத்துச் செல்லலாம். நீளமாகத் தொழ நினைத்து நின்ற நபியவர்கள், குழந்தையின் அழுகை கேட்டால் தாய்க்குச் சிரமமாகும் என்று தொழுகையைச் சுருக்கிக்கொண்டார்கள். அழுத குழந்தைக்காகத் தாயைக் கண்டித்ததாக அந்தச் செய்தியில் இல்லை. பசி ஆற்றி, அணையாடையை மாற்றி அழைத்துப் போங்கள். வரிசையின் ஓரத்தில் நின்றுகொள்ளுங்கள். விடாமல் அழுது குழந்தை திணறும் நிலை வந்தால் தொழுகையை முறித்து அதைக் கவனித்துவிட்டுப் பிறகு தொழலாம்.

மாதவிடாய் நாட்களில் பள்ளிவாசலுக்குள் தங்குவதைப் பெரும்பாலான அறிஞர்கள் அனுமதிப்பதில்லை. ஆனால் பெருநாள் அன்று மாதவிடாய்ப் பெண்களும் திடலுக்குப் புறப்பட்டு வந்து, தொழும் இடத்தை விட்டுச் சற்று விலகி இருந்து, துஆவில் கலந்துகொள்ள வேண்டும் என்று நபியவர்கள் ஏவியதை உம்மு அதிய்யா (ரலி) அறிவிக்கிறார்கள். அடுத்த பெருநாள் அந்த நாட்களில் வந்தாலும் வீட்டில் இருந்துவிடாதீர்கள்.