ஏழாவது வாரம் என்ன ஆகும் என்று கேளுங்கள்

அன்புள்ள சகோதரிக்கு,

வேலை பார்த்துக்கொண்டே இணையவழியில் பட்டம் படிக்க எங்கே சேரலாம் என்று கேட்டு, மூன்று நிறுவனங்களின் கட்டணம், காலம், பாடங்கள் எல்லாவற்றையும் கட்டம் போட்டு எழுதி அனுப்பியிருக்கிறீர்கள். 19 வருடமாகக் கணக்குப் பிரிவில் இருப்பவர் என்பது அதிலேயே தெரிகிறது. கடைசியில் சின்ன எழுத்தில் "44 வயதில் இதெல்லாம் மண்டையில் ஏறுமா?" என்று கேட்டிருந்தீர்கள். முதலில் அதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன்.

ஏறும். பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1971-இல் முதல் மாணவர்களைச் சேர்த்தபோது முன்படிப்பு எதையும் தகுதியாகக் கேட்கவில்லை. பாதியில் படிப்பை விட்டவர்களும் முழுநேர வேலையில் இருந்தவர்களும் வந்து சேர்ந்தார்கள், பட்டமும் வாங்கினார்கள். நெல்சன் மண்டேலா தென்னாப்பிரிக்கப் பல்கலைக்கழகத்தில் தொலைநிலையில் படித்துச் சட்டப் பட்டம் பெற்றது 1989-இல். அப்போது அவர் 70 வயதை எட்டியிருந்தார், சிறையிலிருந்து இன்னும் வெளியே வரவில்லை.

வயது கூடியவர்கள் பாடம் புரியாமல் படிப்பை நிறுத்தியதை நான் அதிகம் பார்த்ததில்லை. வீட்டில் யாருக்காவது உடம்பு முடியாமல் போகும். ஆபீசில் ஆண்டுக் கணக்கு முடிக்கும் நேரம் வரும். இரண்டு வாரம் புத்தகத்தைத் தொட முடியாது. அதற்குள் ஒரு அசைன்மென்டின் கெடு தாண்டிவிடும். அப்புறம் எப்படி உள்ளே திரும்புவது என்று யாரும் சொல்லாததால், அப்படியே விட்டுவிடுவார்கள். பெரும்பாலும் இது ஆறாவது ஏழாவது வாரத்தில் நடக்கிறது. ஆரம்ப உற்சாகம் அடங்கி, முதல் பெரிய அசைன்மென்ட் வருகிற நேரம் அது. உங்கள் அட்டவணையில் கட்டணத்துக்கு ஒரு கட்டம் இருக்கிறது, காலத்துக்கு ஒன்று இருக்கிறது. ஏழாவது வாரத்துக்குக் கட்டமே இல்லை. நான் அதை வைத்துத்தான் நிறுவனத்தைத் தேர்ந்தெடுப்பேன்.

அதற்கு முன் அங்கீகாரம். இதில் தவறினால் மற்ற எதுவும் பயன்படாது. 'அங்கீகாரம் பெற்றது' என்று யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். யார் அங்கீகரித்தது, எந்தப் படிப்பை, எந்த முறையில் என்று பிரித்துக் கேளுங்கள். நேரடி வகுப்புக்கு அனுமதி வாங்கிய பல்கலைக்கழகத்துக்கு அதே படிப்பை இணையவழியில் நடத்த அனுமதி இல்லாமல் இருக்கலாம். நீங்கள் குறித்திருக்கும் இரண்டாவது நிறுவனம் ஐஎஸ்ஓ 9001 சான்றைப் பெரிதாகக் காட்டுகிறது. அது ஒரு நிறுவனம் தன் நிர்வாகத்தை ஒழுங்காக நடத்துகிறதா என்பதற்கான தர அளவுகோல். பட்டம் செல்லுமா என்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. போலிப் பட்டம் விற்பவர்கள் போலி அங்கீகார அமைப்பையும் சேர்த்தே உருவாக்கிவிடுகிறார்கள். 2015-இல் பாகிஸ்தானின் ஆக்ஸாக்ட் நிறுவனம் அம்பலமானபோது, இல்லாத பல்கலைக்கழகங்களின் இணையதளங்களோடு இல்லாத அங்கீகார அமைப்புகளின் தளங்களும் வெளியே வந்தன. அதனால் நிறுவனம் தருகிற சுட்டியைத் தொட்டு உள்ளே போகாதீர்கள். உயர்கல்வியைக் கட்டுப்படுத்தும் அரசு அமைப்பின் தளத்துக்கு நீங்களே போய், அங்குள்ள பட்டியலில் தேடுங்கள்.

பட்டியலில் பெயர் இருந்தாலும் வேலை முடியவில்லை. இந்தப் பட்டம் உங்களுக்கு எதற்கு வேண்டும்? மேற்பார்வையாளர் பதவிக்கு. அப்படியானால் அந்தப் பதவியைத் தருகிற உங்கள் மனிதவளப் பிரிவிடம் எழுத்தில் கேளுங்கள்: "இந்தப் பல்கலைக்கழகத்தின் இந்தப் படிப்பை, இணையவழியில் முடித்தால் பதவி உயர்வுக்கு ஏற்பீர்களா?" வாய்வார்த்தையாக வரும் "பார்த்துக்கலாம்" போதாது. முழுப் பணத்தையும் கட்டிப் பட்டத்தையும் வாங்கிய பிறகு, ஏற்க முடியாது என்று சொல்லப்பட்ட ஒருவர் என் எதிரே உட்கார்ந்து அழுதிருக்கிறார். ஒரு மின்னஞ்சலில் முடிந்திருக்க வேண்டிய விஷயம் அது. ஆசிரியர், செவிலியர், வழக்கறிஞர் போன்ற உரிமம் தேவைப்படும் தொழிலாக இருந்தால் அந்தத் தொழிலின் கவுன்சிலிடமும் கேட்க வேண்டியிருக்கும். உங்களுக்கு அது இல்லை.

இன்னொன்று. மூன்றாவது நிறுவனத்தின் பெயரில் பட்டம் வராது. அவர்கள் நடுவில் நின்று சேர்க்கையும் வகுப்பும் பார்க்கிறார்கள், பட்டம் தருவது வேறு ஒரு பல்கலைக்கழகம். அது தவறில்லை. ஆனால் பணம் யாருக்குப் போகிறது, சான்றிதழில் யார் பெயர் இருக்கும், இருவருக்கும் ஒப்பந்தம் முடிந்தால் நடுவழியில் இருக்கும் மாணவர் கதி என்ன என்று தெரிந்துகொள்ள வேண்டும். "இன்று மாலைக்குள் கட்டினால் தள்ளுபடி" என்று உங்களுக்குப் போன் செய்தவர் தன்னை ஆலோசகர் என்றுதான் சொன்னார் என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் வேலை சேர்க்கை பிடிப்பது. இன்றைக்கு நல்லதாக இருக்கிற படிப்பு அடுத்த மாதமும் நல்லதாகவே இருக்கும்.

இப்போது நேரம். வார நாட்களில் இரவு ஒன்றரை மணி, சனி ஞாயிறு சேர்த்து ஏழரை மணி என்று எழுதியிருக்கிறீர்கள். வாரத்துக்கு 15 மணி நேரம் வருகிறது. படிப்புக்கு ஆகும் உழைப்பைக் கிரெடிட் என்ற அலகில் அளக்கிறார்கள். ஐரோப்பியக் கிரெடிட் முறையில் முழுநேர ஓர் ஆண்டு என்பது 60 கிரெடிட், அதாவது 1,500 முதல் 1,800 மணி நேர உழைப்பு. 50 வாரத்துக்குப் பிரித்தால் வாரம் 30 மணியாவது வேண்டும். முதல் நிறுவனம் அதே 60 கிரெடிட்டை "வேலை பார்த்துக்கொண்டே ஓராண்டில்" என்று விளம்பரம் செய்கிறது. உங்கள் கையில் இருப்பது அதில் பாதி நேரம். 180 கிரெடிட் பட்டத்துக்கு உங்களுக்கு ஆறு ஆண்டு ஆகும். கேட்கவே நீளமாக இருக்கிறது, தெரியும். ஆனால் மூன்று ஆண்டு என்று நம்பிச் சேர்ந்து ஒன்றரை ஆண்டில் அரியர் குவிந்து நிற்பதைவிட, ஆறு ஆண்டு என்று தெரிந்தே தொடங்குவது நல்லது. நீங்கள் முன்பு இரண்டு ஆண்டு கல்லூரியில் படித்து நிறுத்தியதும், இத்தனை வருட வேலை அனுபவமும் கணக்கில் வருமா என்று கட்டாயம் கேளுங்கள். சில இடங்களில் பழைய மதிப்பெண் பட்டியலையும் பணிச் சான்றையும் காட்டினால் சில பேப்பர்களுக்கு விலக்கு தருவார்கள். பழைய மார்க் ஷீட்டைத் தேடி எடுத்து வையுங்கள். ஒரு கிரெடிட்டுக்கு எத்தனை மணி நேரம் என்பது நாட்டுக்கு நாடு மாறும், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

சரி, ஏழாவது வாரத்துக்கு வருகிறேன். ஒரு செமஸ்டர் இடைவெளி எடுத்தால் கட்டிய பணம் நிற்குமா? அசைன்மென்டுக்குக் கூடுதல் நாள் கேட்க யாரிடம் எழுத வேண்டும், எத்தனை முறை கேட்கலாம்? பட்டத்தை முடிக்க அதிகபட்சம் எத்தனை ஆண்டு? நடுவில் நிறுத்தினால் அதுவரை படித்ததற்குச் சான்றிதழோ டிப்ளமோவோ கிடைக்குமா, வெறும் கையோடு போக வேண்டுமா? இதற்கெல்லாம் விதிமுறைக் கையேட்டில் பக்க எண்ணோடு பதில் காட்டுகிற நிறுவனத்தில் சேருங்கள். "அதெல்லாம் பிரச்சினை வராது மேடம்" என்பது பதில் இல்லை.

அதோடு, உங்கள் எழுத்தைத் திருத்தப்போவது யார் என்று கேளுங்கள். 2011-இல் ஸ்டான்ஃபோர்டின் செயற்கை நுண்ணறிவுப் பாடம் இணையத்தில் இலவசமாகத் திறக்கப்பட்டபோது சுமார் 1,60,000 பேர் பெயர் கொடுத்தார்கள். முடித்தவர்கள் ஏறக்குறைய 23,000 பேர். வேடிக்கை பார்க்க வந்தவர்களும் அதில் இருந்திருப்பார்கள், ஆனாலும் நல்ல வீடியோ இருந்தால் போதும் என்று நினைப்பவர்கள் அந்த எண்களைப் பார்க்க வேண்டும். திருத்திய அசைன்மென்ட் ஒன்றை, மாணவர் பெயரை மறைத்து, மாதிரிக்குக் காட்டச் சொல்லுங்கள். ஒன்றில் '62, நன்று' என்று மட்டும் இருக்கும். இன்னொன்றில் ஓரத்தில், "இந்தத் தேய்மானத்தை ஏன் இந்த ஆண்டில் சேர்த்தீர்கள்? மூன்றாம் பக்கத்தில் நீங்களே வேறு மாதிரி எழுதியிருக்கிறீர்கள்" என்று ஒருவர் கேட்டிருப்பார். அந்த இரண்டாவது ஆளுக்குத்தான் நீங்கள் பணம் கட்ட வேண்டும்.

தேர்வு மையத்திலா வீட்டிலா என்பதையும் பாருங்கள். வீட்டில் என்றால் கேமரா ஓடும், அறையைச் சுற்றிக் காட்டச் சொல்லலாம், நடுவில் யாரும் உள்ளே வரக்கூடாது. கட்டணத்தை எந்தக் காரணத்துக்காகவும் முழுப் படிப்புக்கும் சேர்த்துக் கட்டாதீர்கள், அதற்காகக் கடனும் வாங்காதீர்கள். ஒரு பேப்பருக்குக் கட்டி, அதை முடித்துவிட்டு அடுத்ததற்குக் கட்டுங்கள்.

இந்த வாரம் செய்ய வேண்டியது இரண்டுதான். நாளை இரவு, எல்லா வேலையும் முடித்துக் களைத்திருக்கும் அதே நேரத்தில், மூன்று நிறுவனங்களில் ஒன்றின் மாதிரிப் பாடத்தைத் திறந்து 50 நிமிடம் படியுங்கள். மூடிவிட்டு, நினைவில் நிற்பதை ஒரு தாளில் எழுதுங்கள். மற்ற இரண்டுக்கும் அடுத்தடுத்த இரவுகளில் அதையே செய்யுங்கள். அப்புறம், மேலே சொன்ன கேள்விகளை மூன்று பேருக்கும் ஒரே மாதிரி மின்னஞ்சலில் அனுப்பி, பதில் எத்தனை நாளில், யாருடைய பெயரில் வருகிறது என்று குறித்து வையுங்கள். மூன்று தாள்களையும் வந்த பதில்களையும் எடுத்துக்கொண்டு வாருங்கள், உட்கார்ந்து படிப்போம்.