எங்க பிள்ளையை எடுத்து எங்களுக்கே எதிரா இறக்காதீங்க

கேள்வி: பள்ளி விளையாட்டுப் போட்டிகளில் அரசுப் பள்ளிகளையும் தனியார் பள்ளிகளையும் ஒன்றாக மோதவிடுவது நியாயமா? அமெரிக்காவில் சில இடங்களில் இருப்பதுபோல் இங்கேயும் பிரித்துவிட்டால் என்ன?

கேட்டிருக்கும் விதத்தைப் பார்த்தால், உங்கள் வீட்டுப் பிள்ளை இந்த வருடம் ஏதோ ஒரு பெரிய தனியார் பள்ளியிடம் தோற்று வந்து ராத்திரி சாப்பிடாமல் படுத்திருக்கிறது. மகனா மகளா என்று நீங்கள் சொல்லவில்லை. எனக்கு மகள் என்றே படுகிறது. நானும் அப்படிப் படுத்துக் கிடந்தவள்தான்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒன்றாகத்தான் ஆட வேண்டும். பிரித்தால் நஷ்டம் நமக்குத்தான். ஆனால் எங்கள் பிள்ளையை எங்களிடமிருந்து கொண்டுபோய் அடுத்த வருடமே எங்களுக்கு எதிராக இறக்குகிறார்களே, அதை நிறுத்த வேண்டும். என் சண்டை அதோடுதான். தனியார் பள்ளியில் வேலை பார்க்கும் உடற்கல்வி ஆசிரியர்கள் யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். என் மகனே மெட்ரிக் பள்ளியில்தான் ஒன்றாம் வகுப்பு படிக்கிறான். வீட்டுக்கு ஒரு நியாயம் ஊருக்கு ஒரு நியாயமா என்று கேட்பீர்கள். கேளுங்கள், கடைசி வரை படித்துவிட்டுக் கேளுங்கள்.

நான் கீழக்கரைக்கும் ஏர்வாடிக்கும் நடுவில் ஒரு கடலோரக் கிராமத்துக்காரி. அரசு மேல்நிலைப் பள்ளி, கபடி, லெஃப்ட் கார்னர், அதாவது இடது ஓரத்தில் நின்று பிடிக்கிறவள். அம்மா கடல்பாசி எடுக்கப் போகிறவர். மரிக்கொழுந்துப் பாசி பாறையில் ஒட்டிக் கிடக்கும். மூச்சை அடக்கி முங்கி, கையால் பிய்த்து எடுக்க வேண்டும். பாறை விரலைக் கிழிக்காமல் இருக்க, பழைய சேலையைக் கீற்றாகக் கிழித்து ஒவ்வொரு விரலுக்கும் சுற்றிக்கொண்டு இறங்குவார்கள். அந்தச் சுற்று எல்லோருக்கும் வராது. நகக்கண்ணை மூடி, கணு மடங்க இடம் விட்டு, கடைசி முடிச்சைப் பல்லால் கடித்து இழுத்து இறுக்க வேண்டும். தண்ணீரில் அரை நாள் கிடந்தாலும் அவிழாது. எங்கள் அணியில் ஏழு பேருக்கும் கால் கட்டைவிரலில் அம்மாதான் சுற்றிவிடுவார். எங்கள் பள்ளி மைதானம் மணல். போட்டி நடக்கும் இடமெல்லாம் கட்டாந்தரை. வெறுங்காலோடு ஒரு பாதி ஆட்டம் ஆடினாலே விரல் தோல் உரிந்துவிடும். மெடிக்கலில் டேப் வாங்க எங்களில் யாரிடம் காசு இருந்தது?

தெரியாதவர்களுக்காக ஒரு வரி. நம் மாநிலத்தில் முதலில் குறுவட்டம், பிறகு வருவாய் மாவட்டம், பிறகு மாநிலம். குடியரசு தின விளையாட்டு என்ற பெயரில் தடகளம், பாரதியார் தின விளையாட்டு என்ற பெயரில் கபடி, கோ-கோ, வாலிபால் போன்ற குழு ஆட்டங்கள். 14, 17, 19 என்று வயது பார்த்துப் பிரிப்பார்களே தவிர அரசு, உதவி பெறும் பள்ளி, மெட்ரிக் என்று பிரிப்பதில்லை. எல்லோருக்கும் ஒரே ஏணி.

எங்கள் அணியில் ஒருத்தி இருந்தாள். பெயர் வேண்டாம், இப்போதும் அடுத்த தெருவில்தான் இருக்கிறாள். பாடிப் போவதில், அதாவது எதிரணிப் பக்கம் ரைடு போவதில், அவளுக்கு நிகராக எங்கள் குறுவட்டத்திலேயே ஆள் கிடையாது. பத்தாம் வகுப்பு படிக்கும்போது மாவட்டத்தில் அரையிறுதி வரை போனோம். எங்கள் பள்ளி அவ்வளவு தூரம் போனது அதுதான் முதல் தடவை. உடற்கல்வி சார் தன் கைக்காசில் ஆளுக்கு ரெண்டு புரோட்டா வாங்கிக் கொடுத்து, ராமநாதபுரத்தில் கடைசி பஸ்ஸைப் பிடித்து, ஒவ்வொருத்தியையும் வீட்டு வாசலில் விட்டுவிட்டுப் போனார்.

2008 ஜூன். தடைக்காலம் முடிந்து படகுகள் கடலுக்குப் போகத் தொடங்கிய நேரம். அப்போது தடை 45 நாள், இப்போது 61 நாள். அவளுடைய அப்பா விசைப்படகில் கூலிக்குப் போகிறவர். அந்த 45 நாளும் கடன் வாங்கித்தான் அடுப்பு எரிந்திருக்கும். அந்த நேரம் பார்த்து உள்ளூர்ப் பக்கம் இருக்கிற ஒரு தனியார் பள்ளியிலிருந்து வேனில் ரெண்டு பேர் வந்தார்கள். பீஸ் கிடையாது, விடுதி இலவசம், மூணு வேளை சாப்பாடு, முட்டை, ஷூ. ப்ளஸ் டூ முடித்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் காலேஜ் என்றும் சொன்னார்கள். அவள் அப்பா எங்கள் அம்மாவிடம் வந்து கேட்டார். "அனுப்புங்கண்ணே, புள்ள நல்லா இருக்கட்டும்" என்றுதான் அம்மா சொன்னார். நானும் அதைத்தான் சொன்னேன். சொல்லிவிட்டு மாட்டுக்கொட்டகைப் பக்கம் போய் அழுதேன்.

அவள் போனதைத் தப்பென்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. அந்த வீட்டில் பிறந்திருந்தால் நானும் போயிருப்பேன்.

அந்த வருடமே மாவட்ட இறுதிப் போட்டியில் எதிரெதிரே நின்றோம். எங்கள் சாரின் பிடிவாதத்தால் புது ரைடரைத் தேற்றி அவ்வளவு தூரம் வந்திருந்தோம். அம்மா அன்று பாசிக்குப் போகாமல் பார்க்க வந்திருந்தார்.

அவர் ஒருநாள் போகாமல் இருப்பது சின்ன விஷயமில்லை, அதனால் இதையும் எழுதிவிடுகிறேன். பாசி எடுப்பது மாதத்தில் 12 நாள்தான். பாசி திரும்ப முளைக்க வேண்டும் என்று அந்தப் பெண்களே தங்களுக்குள் போட்டுக்கொண்ட கட்டுப்பாடு அது. பாம்பன் சின்னப்பாலத்து லட்சுமி அக்காவுக்கு இதற்காக 2015இல் சீகாலஜி என்ற அமெரிக்கச் சுற்றுச்சூழல் அமைப்பு விருது கொடுத்தது. அப்படிப் பார்த்துப் பார்த்து எடுப்பவர்களைத்தான் கடலைக் கெடுப்பவர்கள் என்கிறார்கள். 1986இல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளையும் சுற்றிக் கடல் தேசியப் பூங்கா வந்தது. என் பாட்டி காலத்திலிருந்து முங்கிய இடத்துக்கு என் அம்மா பயந்து பயந்து போக வேண்டியதாயிற்று. ஒருமுறை காவல் படகில் வந்தவர்கள் அம்மா எடுத்த பாசியை மூட்டையோடு பறித்துக்கொண்டார்கள். ஈரச் சட்டையோடு வெறுங்கையாய் வீட்டுக்கு வந்தவர் அன்று ஒரு வார்த்தை பேசவில்லை. பவளத்தைக் காக்க வேண்டும் என்பதில் எங்களுக்கு யாரைவிடவும் அக்கறை உண்டு. கோடு போடுவதற்கு முன்னால் ஒரு வார்த்தை எங்களைக் கேட்டிருக்கலாம். கேள்விக்குச் சம்பந்தமில்லை என்று தெரியும். ஆனாலும் இதை எழுதாமல் அந்த நாளை எழுத எனக்கு வரவில்லை.

சரி, போட்டிக்கு வருகிறேன். அம்மா வேப்ப மரத்தடியில் உட்கார்ந்து எங்களுக்குச் சுற்றிக்கொண்டிருந்தார். எங்களுடையது முடிந்ததும் அந்தப் பள்ளியின் பனியன் போட்டவள் ஒருத்தி வந்து எதிரில் உட்கார்ந்தாள். புது ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்தாள். "சித்தி, இதப் போட்டுக்கிட்டு எனக்குக் காலு ஓட மாட்டேங்குது. சுத்திவிடுங்க" என்றாள். அம்மா என்னைப் பார்க்கக்கூட இல்லை. அவள் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்து, நீலச் சேலைக் கீற்றால் சுற்றி, குனிந்து பல்லால் முடிச்சை இறுக்கினார். "முட்டியப் பாத்துக்கடி" என்றார். அவ்வளவுதான்.

ரெண்டாவது பாதியில் அவள் பாடி வந்தாள். வலது பக்கம் கையை நீட்டிப் போக்குக் காட்டி, இடது பக்கம் காலால் தொட்டுத் திரும்புவாள். ஐந்து வருடம் கூட ஆடியவள், எனக்குத் தெரியாதா? கால் வந்தது, கணுக்காலைப் பிடித்தேன். மற்றவர்கள் வந்து சேர்வதற்குள் நடுக்கோட்டுக்கு என்னையும் சேர்த்து இழுத்துக்கொண்டே போய் விரல் நுனியால் தொட்டுவிட்டாள். எழுந்து பார்த்தால் என் கையில் அந்த நீலத் துணி. அந்த ஒரு புள்ளியால் நாங்கள் தோற்றோம் என்று சொல்ல மாட்டேன், அப்போதே ஐந்து புள்ளி பின்னால்தான் இருந்தோம். எங்களிடமே வளர்ந்த ஆட்டத்தை எங்களால் பிடிக்க முடியவில்லை, அதுதான் ராத்திரி தூங்கவிடவில்லை.

பிறகு நடந்ததையும் கேளுங்கள். அந்த சீசனிலேயே வேறொரு போட்டியில் அவளுக்கு முட்டி ஜவ்வு கிழிந்தது. ஆபரேஷன் செலவுக்கு யாரும் வரவில்லை. வருடக் கடைசியில், அடுத்த வருடம் விடுதிக்குப் பணம் கட்ட வேண்டும் என்று அப்பாவைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்கள். டிசியை வாங்கிக்கொண்டு ப்ளஸ் டூவுக்கு எங்கள் பள்ளிக்கே திரும்பி வந்தாள். எங்கள் தலைமையாசிரியர் ஒரு கேள்வி கேட்காமல் சேர்த்துக்கொண்டார். ஆடுகிற பிள்ளை, ஆட முடியாத பிள்ளை என்று அரசுப் பள்ளி பார்த்தது கிடையாது. வாசலுக்கு வந்தால் எடுத்துக்கொள்ளும். நீங்கள் கேட்ட கேள்வியின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது. அரசா தனியாரா என்பதைவிட, வருகிற பிள்ளைகளை வைத்து அணி கட்டும் பள்ளி எது, ஊர் ஊராய்ப் பொறுக்கி அணி கட்டும் பள்ளி எது என்று பாருங்கள். எங்கள் கடலோரத்திலேயே ஒரு சின்ன மெட்ரிக் பள்ளிக்கும் எங்களுக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது, அவர்களுக்கும் மைதானமில்லை. அதேபோல் அரசு விளையாட்டு விடுதிப் பிள்ளைகள் படிக்கும் ஒரு பள்ளி, அரசுப் பள்ளியாகவே இருந்தாலும், எங்களைப் போன்ற பள்ளியோடு சமம் ஆகாது. இதைச் சொன்னால் நம் ஆட்களுக்கே கோபம் வரும். இருந்தாலும் நியாயம் நியாயம்தான்.

அமெரிக்காவைச் சொன்னீர்கள். டெக்சாஸில் அரசுப் பள்ளிகளுக்குப் பெரும்பாலும் தனி அமைப்பு, தனியாருக்குத் தனி. எனக்குப் பிடித்தது இல்லினாய் மாநிலத்தில் செய்வது. அங்கே மாணவர் எண்ணிக்கையைப் பார்த்துப் பள்ளிகளைப் பிரிவு பிரிவாகப் போடுகிறார்கள். இன்ன பகுதிப் பிள்ளைகள் என்ற எல்லை இல்லாமல் எங்கிருந்தும் சேர்க்கும் பள்ளியாக இருந்தால் அதன் எண்ணிக்கையை 1.65ஆல் பெருக்கிக் கணக்கிடும் முறை 2005 வாக்கில் வந்தது. சின்னப் பள்ளி என்று சொல்லிக்கொண்டு கீழ்ப்பிரிவில் இறங்கி அள்ளிக்கொண்டு போக முடியாது. பெயர்ப் பலகையை விட்டுவிட்டு, பிள்ளையை எப்படிச் சேர்க்கிறாய் என்று கேட்கிறார்கள்.

நம் ஊருக்கு நான் கேட்பது இன்னும் சுலபம். விளையாட்டுக்கென்று பள்ளி மாறிய பிள்ளை முதல் வருடம் புதுப் பள்ளிக்காகக் குழு ஆட்டத்தில் இறங்கக் கூடாது. பயிற்சி எடுக்கட்டும், தனிநபர் போட்டியில் ஓடட்டும், மாவட்ட அணித் தேர்வுக்கு வரட்டும். பிள்ளையின் எதிர்காலத்தில் கை வைக்காமல் பள்ளியின் கோப்பை ஆசையை மட்டும் ஒரு வருடம் தள்ளிப்போட வேண்டும். அந்த ஒரு வருடமும் காத்திருந்து சோறு போட்டுப் படிக்க வைக்கிற பள்ளிதான் பிள்ளைக்காகக் கூட்டிப் போகிறது என்று நம்பலாம். அப்பா தொழிலுக்காக ஊர் மாறினால், வீட்டில் சாவு நேர்ந்து மாறினால் விலக்கு வேண்டும். கடலோரத்தில் அது அடிக்கடி நடக்கும். இலவச இடம் கொடுத்துச் சேர்த்த பிள்ளைக்கு அடிபட்டால் ப்ளஸ் டூ முடியும் வரை அந்தச் சலுகை தொடர வேண்டும் என்றும் எழுதி வாங்க வேண்டும்.

மருத்துவத்தில் 2020 முதல் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 சதவீதம் தனியாகக் கொடுக்கிறார்களே, விளையாட்டிலும் அப்படிப் பிரித்தால் என்ன என்று பலர் கேட்கிறார்கள். அந்த 7.5ஐ நான் கையெடுத்துக் கும்பிடுகிறேன். எங்கள் பக்கத்துப் பிள்ளைகளும் அதனால் டாக்டருக்குப் படிக்கிறார்கள். ஆனால் அங்கே தனியாக இடம் ஒதுக்கினாலும் படிப்பு ஒன்று, கையில் வாங்கும் பட்டம் ஒன்று. கபடியில் தனியாகக் கோப்பை வைத்தால் சான்றிதழே ரெண்டாந்தரமாகிவிடும் என்பது என் பயம். அரசுப் பள்ளிக் கோப்பைதானே என்று நாளைக்கு ஒருவர் சொல்வார். 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வென்ற இந்தியப் பெண்கள் கபடி அணியில் சென்னை கண்ணகி நகர்ப் பிள்ளை ஒருத்தி இருந்தாள். அந்தத் தெருவிலிருந்து வந்தவளைத் தனிப் போட்டி வைத்து ஒதுக்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

தோற்பதற்குப் பெரிய காரணம் இன்னொன்றும் இருக்கிறது. நடுநிலைப் பள்ளிகளில் விளையாட்டு சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. 2012இல் உடற்கல்வி, ஓவியம் போன்ற பாடங்களுக்கு 16,549 பேரைப் பகுதிநேரமாக எடுத்தார்கள், மாதம் 5,000 ரூபாய்க்கு. அந்தச் சம்பளம் பிறகு கூடியது, வேலை நிரந்தரமாகவில்லை. வாரத்தில் மூன்று அரை நாள் வருகிறவரிடம் மேட் (mat) என்கிற ஆடுகள விரிப்பில் கால் வைக்கும் முறையைப் பிள்ளை எப்போது கற்றுக்கொள்ளும்? இப்போது பெரிய போட்டி எல்லாமே அந்த விரிப்பில்தான். மணலில் பழகிய கால் முதல் முறை விரிப்பில் இறங்கினால் வழுக்கி விழுகிறது, நான் கண்ணால் பார்த்தேன்.

போன ஆடியிலிருந்து சனி, ஞாயிறு சாயங்காலம் நானும், முட்டி ஜவ்வு கிழிந்து திரும்பி வந்த அவளும் பழைய மைதானத்தில் பிள்ளைகளை ஆடவைக்கிறோம். அவளால் ஓட முடியாது, கோட்டுக்கு வெளியே நாற்காலி போட்டுக் கத்துவாள். கச்சான் காற்று மணலை அள்ளி முகத்தில் அடிக்கிற நாளில் மட்டும் விடுமுறை. ஆறு பெண்கள் வருகிறார்கள், அதில் ரெண்டு பேர் தனியார் பள்ளி. எங்களுக்கு லெஃப்ட் கார்னருக்கு ஆள் இல்லை. கீழக்கரை, ஏர்வாடிப் பக்கம் இருக்கிறீர்கள் என்றால் கீழே எழுதுங்கள், இடம் சொல்கிறேன். மகளைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். வீட்டில் பழைய பருத்திச் சேலை கிடந்தால் ஒன்று எடுத்து வாருங்கள். அம்மாவிடம் கிழிக்கத் துணி தீர்ந்துவிட்டது.